இஸ்ஃபஹானில் ஒரு காலைப் பொழுது: மூன்று பள்ளிவாசல்களில் எதற்குக் கொடுப்பது?

ஈரானில் தெஹ்ரானிலிருந்து ஷிராஸுக்குச் செல்லும் வழியில் இஸ்ஃபஹானில் இறங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு முழு நாள்தான் கிடைக்கிறது. அந்த ஒரு நாளில் ஆற்றுப் பாலங்கள், அர்மேனியர்கள் வாழும் ஜுல்ஃபா பகுதி, அரண்மனைகள், கடைத்தெரு ஆகிய எல்லாமே பங்கு கேட்கும் என்பதால், பள்ளிவாசல்களுக்கு மிஞ்சுவது ஒரு காலைப் பொழுது, அதாவது மூன்று மணி நேரம். ஆனால் அந்நகரில் பார்த்தே ஆக வேண்டிய பள்ளிவாசல்கள் மூன்று இருக்கின்றன: நக்ஷ்-இ ஜஹான் சதுக்கத்தின் தென்கோடியில் நிற்கும் ஷா பள்ளிவாசல் (1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இமாம் பள்ளிவாசல் என்று பெயர் மாறியது), அதே சதுக்கத்தின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசல், அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வடக்கே பழைய கடைத்தெருவின் மறுமுனையில் இருக்கும் ஜும்ஆ பள்ளிவாசல். மூன்றிலும் நுழைந்து வெளியே வந்துவிட முடியும். ஆனால் நின்று நிதானமாகப் பார்ப்பதென்றால் ஒன்றைத்தான் பார்க்க முடியும்.

பயண முகவர்கள் தரும் வழக்கமான யோசனை, சதுக்கத்தில் தொடங்கி, நேரம் மிஞ்சினால் ஜும்ஆ பள்ளிவாசலுக்குப் போகலாம் என்பதே. அது தலைகீழான யோசனை என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்வதற்கு முன் மூன்றையும் அவற்றுக்கு உரிய நியாயத்தோடு எடை போட வேண்டும். (ஷிராஸிலுள்ள நாசிருல் முல்க் பள்ளிவாசலைச் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். வண்ணக் கண்ணாடி வழியே தரைவிரிப்பில் விழும் காலை வெளிச்சத்தைப் படமெடுக்க விரும்புபவர்கள் அங்கே போகட்டும். அது 1876க்கும் 1888க்கும் இடையே கட்டப்பட்டது. வேறு ஊர், வேறு காலம், வேறு ரசனை.)

சதுக்கத்தின் பக்கம் உள்ள வாதம் வலுவானதுதான். சஃபவி அரசர் முதலாம் ஷா அப்பாஸ் 1598 வாக்கில் தலைநகரை கஸ்வீனிலிருந்து இஸ்ஃபஹானுக்கு மாற்றியபோது, பழைய நகரின் நெரிசலுக்குள் புகாமல், அதற்குத் தெற்கே 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் கொண்ட புதிய சதுக்கத்தை அமைத்து, வடக்கே கடைத்தெரு, மேற்கே அலி காப்பு அரண்மனை, கிழக்கே தமக்கான தொழுமிடம், தெற்கே ஊருக்கான பெரிய பள்ளிவாசல் என வணிகம், ஆட்சி, மதம் மூன்றையும் ஒரே முற்றத்தைச் சுற்றி நிறுத்தினார். 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் இது இடம்பெற்றது. ஒரே பார்வையில் ஓர் அரசரின் திட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடங்கள் உலகில் அதிகமில்லை.

ஷா பள்ளிவாசலின் வேலை 1611இல் தொடங்கியது. சதுக்கம் வடக்கு-தெற்காகக் கிடக்கிறது. கிப்லாவோ, அதாவது தொழும்போது முகம் திருப்ப வேண்டிய மக்காவின் திசையோ, தென்மேற்கில் இருக்கிறது. இந்த முரண்பாட்டைக் கட்டடக் கலைஞர் அலி அக்பர் இஸ்ஃபஹானி தீர்த்த விதம் இந்தப் பள்ளிவாசலின் மிகச் சிறந்த அம்சம் என்பேன். முகப்பு வாயில் சதுக்கத்தை நேருக்கு நேர் பார்க்கிறது. அதைத் தாண்டி உள்மாடத்துக்குள் நுழைந்தவுடன் நேரே போக வழியில்லை, பக்கவாட்டில் திரும்பித்தான் முற்றத்துக்குள் இறங்க வேண்டும். அந்தத் திருப்பத்தில் கட்டடம் முழுவதும் 45 பாகை சுழன்றுவிட்டது என்பதை உடல் உணர்வதற்குள் கண்ணெதிரே பெரிய முற்றமும் நடுவில் நீர்த்தடாகமும் நான்கு பக்கமும் நான்கு ஐவான்களும் வந்துவிடுகின்றன. ஐவான் என்பது மூன்று புறம் சுவரும் ஒரு புறம் முழுத் திறப்புமாக, மேலே வளைகூரையோடு எழும் உயர்ந்த முகமண்டபம். முற்றத்தின் நான்கு பக்க நடுவிலும் ஒவ்வொன்றாக இவற்றை நிறுத்துவதே பாரசீகப் பள்ளிவாசலின் அடையாளமாக ஆகிப்போனது.

தொழுகைக் கூடத்தின் மேல் இருக்கும் குவிமாடம் இரட்டைக் கூடுகளால் ஆனது. வெளிக்கூடு சுமார் 52 மீட்டர் உயரம் எழுகிறது. அதற்கும் உள்கூட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 14 மீட்டர் வெற்றிடம். ஊரெங்கும் தெரிவதற்கு ஓர் உயரம், உள்ளே நிற்பவரின் கண்ணுக்கு அடங்குவதற்கு வேறோர் உயரம் என்று இரண்டு தேவைகளையும் இரண்டு கூடுகள் பிரித்துக்கொள்கின்றன. நடுப்புள்ளியில் நின்று கைதட்டினால் ஒலி பலமுறை திரும்பி வரும். எந்நேரமும் யாராவது ஒருவர் அங்கே கைதட்டிக்கொண்டிருப்பார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாங்கு பற்றி ஒரு சிறு குறிப்பு. தமிழ் முஸ்லிம்கள் தொழுகை அழைப்பைக் குறிக்க வழங்கும் இந்தச் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. அம்மொழியில் அதற்குக் குரல், அழைப்பு என்று பொருள். ஆனால் இந்தப் பள்ளிவாசலின் வானுயர்ந்த மினாராக்களிலிருந்து பாங்கு சொல்லப்படவில்லை. மேற்கு ஐவானின் உச்சியில் சிறிய கூண்டு போன்ற மாடம் ஒன்று இருக்கிறது. கொல்தஸ்தே என்று பெயர். அழைப்பு அங்கிருந்துதான் ஒலித்தது. மினாராக்கள் முகப்பின் கம்பீரத்துக்காக மட்டுமே.

இத்தனை சிறப்பிருந்தும் மூன்று மணி நேரத்தை இதற்குக் கொடுக்க எனக்குத் தயக்கம் வருவதற்குக் காரணம் அவசரம். வாயிலிலுள்ள கல்வெட்டு, எழுத்துக்கலைஞர் அலி ரிஸா அப்பாஸியின் கையால் 1616இல் எழுதப்பட்டது. அரசர் தம் சொந்தச் சொத்திலிருந்து இதைக் கட்டி, பாட்டனார் தஹ்மாஸ்பின் ஆன்மாவுக்கு இதன் பலனைக் காணிக்கையாக்குகிறார் என்று அது கூறுகிறது. அந்த வாயில் முழுவதும் வெட்டோட்டு வேலை. நீலம், வெள்ளை, மஞ்சள் என ஒவ்வொரு நிற ஓட்டையும் அந்தந்த நிறத்துக்கு ஏற்ற சூட்டில் தனித்தனியாகச் சுட்டு, இலை இலையாகவும் எழுத்து எழுத்தாகவும் வெட்டி, முகம் கீழாகப் பரப்பிப் பொருத்தி, பின்புறம் சாந்து ஊற்றிப் பலகைகளாக்கிச் சுவரில் ஏற்றுவார்கள். ஒரு சதுர மீட்டர் நிரப்பவே நீண்ட காலம் பிடிக்கும் வேலை இது. ஷா அப்பாஸுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆகவே வாயிலைத் தாண்டியதும் சுவர்களில் பெரும்பாலானவை ஏழு வண்ண ஓட்டுக்கு மாறிவிடுகின்றன. சதுர ஓட்டின் மேல் சித்திரத்தை வரைந்து, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமலிருக்கக் கொழுப்பு கலந்த கரிய மையால் கோடிட்டு, எல்லா நிறங்களையும் நிரப்பி, ஒரே சூளையில் ஒரே தடவை சுட்டு எடுப்பது இந்த முறை. எல்லா நிறத்துக்கும் ஒரே சூடு என்றால் எந்த நிறத்துக்கும் அதன் முழுப் பளபளப்பு கிடைக்காது. ஒரு முழம் தூரத்தில் நின்று பார்த்தால், கொடி ஒன்று ஓர் ஓட்டிலிருந்து அடுத்த ஓட்டுக்குத் தாவும் இடத்தில் ஓட்டின் நேர்கோட்டு இணைப்பு அதை அறுத்துச் செல்வது தெரியும். வெட்டோட்டில் அந்தக் கோடு இருக்காது. அங்கே இணைப்பே சித்திரத்தின் வளைகோடு. முற்றத்தின் நடுவிலிருந்து பார்க்கும்போது இந்த வேறுபாடு மறைந்து நீல வெள்ளம் ஒன்றே தெரியும். அதனால்தான் இது தூரத்திலிருந்து பார்க்க வேண்டிய கட்டடம் என்கிறேன். அரைமணி முதல் முக்கால் மணி நேரம் போதும். அவ்வளவு அவசரப்பட்டும் 1629இல் அப்பாஸ் இறந்த பிறகுதான் வேலை நிறைவெய்தியது.

ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசல் இதற்கு நேர்மாறு. 1603இல் தொடங்கி 1619இல் முடிந்த இதில் மினாரா இல்லை, முற்றமும் இல்லை. ஊர் மக்கள் கூடும் பள்ளிவாசல் அல்ல, அரச குடும்பத்தின் தொழுமிடம் என்பதால் இரண்டுக்கும் தேவை ஏற்படவில்லை. இன்றைய லெபனானைச் சேர்ந்த ஜபல் ஆமில் பகுதியிலிருந்து வந்த சமய அறிஞரும் அரசரின் மாமனாருமான ஷேக் லுத்ஃபுல்லாவின் பெயரை இது தாங்குகிறது. சதுக்கத்திலிருந்து பார்க்கும்போது குவிமாடம் வாயிலுக்கு நேர்மேலே இல்லாமல் ஒரு பக்கம் விலகி நிற்பது முதலில் பிழைபோலத் தோன்றும். கிப்லாவுக்காகத் திருப்பியதன் விளைவு அது. ஷா பள்ளிவாசலில் உள்மாடத்துக்குள் ஒளித்துவைத்த திருப்பத்தை இங்கே வெளிப்படையாக விட்டுவிட்டார்கள். குவிமாடத்தின் நிறமும் நீலமல்ல. பால் கலந்த தேநீரின் நிறம். அதன் மேல் கருநீலமும் வெள்ளையுமாகக் கொடிகள் ஓடுகின்றன. காலையில் ஒரு நிறமாகவும் மாலையில் இளஞ்சிவப்பாகவும் அது மாறுவதைப் பார்க்கச் சதுக்கத்தின் புல்தரையில் உட்கார்ந்தாலே போதும்.

உள்ளே போகும் வழி இருட்டான நடை. அது ஒரு முறை மடங்கி, சுற்றிக்கொண்டு வந்து, மிஹ்ராபுக்கு (கிப்லாவைக் காட்டும் சுவர்மாடத்துக்கு) நேரெதிரே கொண்டுபோய் விடுகிறது. கூடம் சதுரம். அந்தச் சதுரத்தின் மேல் வட்டமான குவிமாடத்தை ஏற்ற, தரையிலிருந்தே எட்டு வளைவுகளை எழுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவின் விளிம்பிலும் முறுக்கிய கயிறு போன்ற பச்சை நீல ஓட்டுச் சட்டம் மேலே ஓடுகிறது. மூலை எது, பக்கம் எது என்று கண்ணுக்குப் பிரித்தறிய முடியாதபடி சதுரம் எண்கோணமாகவும் எண்கோணம் வட்டமாகவும் கரைந்துவிடுகிறது. மேலேயுள்ள சாளரங்களின் பின்னல் வழியே வடிகட்டி வரும் வெளிச்சத்தில், குவிமாடத்தின் உட்புறத்து வடிவங்கள் நடுவை நோக்கிப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. வாயிலுக்கு மேலிருந்து விழும் ஒளிக்கீற்று நடுச்சித்திரத்தோடு சேர்ந்து மயில் தோகை போலத் தெரியும் என்று வழிகாட்டிகள் எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்வார்கள். தெரியத்தான் செய்கிறது, ஆனால் அந்த மயிலைவிட, மிஹ்ராபுக்குள் ‘உஸ்தாத் ஹுசைனின் மகன் முஹம்மது ரிஸா’ என்று கட்டடக் கலைஞர் பொறித்துவைத்திருக்கும் சிறிய கையொப்பத்தைத் தேடிப் பார்ப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, வேறு எதற்கும் வழியில்லை என்று ஒருவர் சொன்னால், தயங்காமல் இங்கே அனுப்புவேன். மூன்று மணி நேரத்துக்கோ இங்கே இடமில்லை. ஒரே கூடம், ஒரே எண்ணம், ஒரே காலம். பார்த்து முடித்துவிட்டால் முடிந்துவிட்டது.

இனி ஜும்ஆ பள்ளிவாசல். இதற்கு முகப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கடைத்தெருவின் நெசவுத் துணிகளையும் பாத்திரங்களையும் கடந்து போகும்போது, பக்கத்தில் ஒரு கதவு திறந்திருக்கும், அதுதான் வாசல். அப்படிப் பல வாசல்கள் பல திசைகளில் இருக்கின்றன. 20,000 சதுர மீட்டருக்கு மேல் பரந்திருக்கும் இந்தக் கட்டடத்தை யாரும் ஒரே நாளில் திட்டமிடவில்லை. எட்டாம் நூற்றாண்டில் எழுந்த முதல் பள்ளிவாசலை விரிவுபடுத்தி, 840களில் அப்பாஸிய கலீபாக்களின் காலத்தில் தூண்கள் வரிசையாக நிற்கும் அரபுப் பாணிப் பெரும் பள்ளிவாசல் கட்டப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் புவாய்ஹித் ஆட்சியாளர்கள் முற்றத்தைச் சுற்றி மேலும் ஒரு வரிசைத் தூண்களைச் சேர்த்தார்கள். செங்கற்களையே கோணம் மாற்றி அடுக்கி அலங்காரம் செய்த அந்தத் தூண்களில் சில இன்றும் நிற்கின்றன. 1970களில் இத்தாலிய ஆய்வாளர்கள் தரையைத் தோண்டி இந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தார்கள். 2012இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் இது இடம்பெற்றது. சதுக்கத்துக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்க 33 ஆண்டுகள் ஆனது வியப்பே.

இங்கே நேரத்தைச் செலவிட வேண்டிய இடங்கள், முற்றத்தின் தெற்கிலும் வடக்கிலும் உள்ள இரண்டு குவிமாடக் கூடங்கள். செல்ஜூக் சுல்தான் மாலிக் ஷாவின் பேரமைச்சர் நிஜாமுல் முல்க், 1086 வாக்கில் பழைய தூண் மண்டபத்தின் நடுவே தூண்களை அகற்றி, மிஹ்ராபுக்கு முன்னால் மாபெரும் குவிமாடம் ஒன்றை எழுப்பினார். அரபுப் பாணித் தூண் மண்டபத்துக்குள் பாரசீக மரபின் குவிமாடம் நுழைந்த தருணம் அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள், ஹிஜ்ரி 481இல் (1088-89), அவருடைய அரசியல் எதிரியான தாஜுல் முல்க், அதே அச்சுக்கோட்டில் வடக்கே, அன்றைய பள்ளிவாசலின் சுவருக்கு வெளியே, அளவில் சிறிய வேறொரு குவிமாடத்தைக் கட்டினார். அளவில் போட்டியிட முடியாதவர் நேர்த்தியில் போட்டியிட்டார் என்று படிப்பதில் தவறில்லை. 1092இல் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். அடுத்த ஆண்டே, அவருடைய ஆட்கள் தாஜுல் முல்க்கைக் கொன்று பழிதீர்த்தார்கள். இரண்டு குவிமாடங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி இன்னும் நிற்கின்றன.

தெற்குக் கூடத்துக்குள் முதலில் போக வேண்டும். பருத்த தூண்கள், அவற்றின் மேல் கனத்த வளைவுகள், மேலே மூலைகளில் மூவிதழ் வடிவக் குழிவுகள், அவற்றின் மேல் குவிமாடம் என ஒவ்வொரு பகுதியும் ‘நான் இவ்வளவு பாரம் தாங்குகிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். பிறகு முற்றத்தைக் குறுக்கே கடந்து வடக்குக் கூடத்துக்குப் போய், கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். வண்ணம் எதுவும் கிடையாது. மண் நிறச் செங்கல் மட்டுமே. தரையிலிருந்து எழும் மெல்லிய அரைத்தூண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே கொண்டுபோனால், அது ஒரு வளைவின் காலாகிறது. அந்த வளைவு மூலைக் குழிவின் சட்டமாகிறது. நான்கு பக்கம் எட்டாகி, எட்டு பதினாறாகி, பதினாறின் மேல் குவிமாடத்தின் வட்டம் உட்காருகிறது. எங்கேயும் கோடு அறுபடவில்லை. குவிமாடத்தின் உட்பரப்பில் செங்கல் வரிகள் பின்னி ஓர் ஐங்கோண நட்சத்திரத்தை உருவாக்குகின்றன. எட்டும் பதினாறும் ஆளும் ஒரு கட்டடத்தின் உச்சியில் ஐந்தைக் கொண்டுவந்து உட்காரவைப்பது கணக்கு தெரிந்தவர் செய்த துணிச்சல். விட்டம் பத்து மீட்டர் அளவுதான். ஆனால் தெற்குக் கூடத்தைவிட இதுவே உயர்ந்ததுபோல் தோன்றும்.

இதே கணக்கைத்தான் ஐந்து நூற்றாண்டுக்குப் பின் லுத்ஃபுல்லா கூடத்தில் முஹம்மது ரிஸா போட்டுப் பார்த்தார். சதுரத்தின் மேல் வட்டத்தை ஏற்றுவது எப்படி என்ற ஒரே கேள்விக்கு மூன்று விடைகள். வடக்குக் குவிமாடத்தில் விடையின் ஒவ்வொரு படியும் செங்கல்லில் எழுதிக் காட்டப்பட்டிருக்கிறது. லுத்ஃபுல்லாவில் படிகளை ஓட்டால் போர்த்தி விடையை மட்டும் காட்டுகிறார்கள். ஷா பள்ளிவாசலில் உள்கூடு ஒன்று, வெளிக்கூடு ஒன்று என்று கேள்வியையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். என் யோசனையின் அடிப்படை இதுதான்: செங்கல்லை முதலில் பார்த்தவருக்கு ஓட்டின் அடியில் இருக்கும் எலும்புக்கூடு தெரியும். ஓட்டின் நீலத்தில் நனைந்துவிட்டுச் செங்கல்லுக்கு வருகிறவருக்கோ அது வெறும் மண்சுவராகத் தெரியும். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்.

ஜும்ஆ பள்ளிவாசலில் மற்றவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். 1121 வாக்கில் தீவிபத்துக்கு இரையான இந்தக் கட்டடத்தைத் திருத்திய அதே நூற்றாண்டில்தான் முற்றத்துக்கு நான்கு ஐவான்கள் சேர்ந்தன. பின்னர் ஈரானிலும் மத்திய ஆசியாவிலும் பரவிய அமைப்புக்கு இது ஒரு முன்மாதிரி. தெற்கு ஐவானின் கூரையில் தேன்கூடு போல் தொங்கும் முகர்னாஸ் வேலையை 1475 வாக்கில் அன்றைய ஆட்சியாளர் உஸுன் ஹசன் செய்வித்தார். மேற்கு ஐவானை ஒட்டிய சிறு கூடத்தில், மங்கோலிய ஆட்சியாளர் உல்ஜெய்த்து 1310இல் அமைத்த சுதை மிஹ்ராப் இருக்கிறது. அருகில் போய்ப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், எழுத்து ஓர் அடுக்கு, அதன் பின்னால் கொடி ஓர் அடுக்கு, அதற்கும் பின்னால் நுண்துளைப் பரப்பு ஓர் அடுக்கு எனச் சுதை ஒன்றன்பின் ஒன்றாக உள்வாங்கிப் போவது தெரியும். உல்ஜெய்த்து ஷியாப் பிரிவைத் தழுவியவர் என்பதால் இமாம்களின் பெயர்களை அதில் பொறித்தார். அதற்குப் பக்கத்தில், தைமூரிய காலத்தில் 1447-48இல் கட்டப்பட்ட குளிர்காலத் தொழுகைக் கூடம். கூடாரம் போல் தாழ்ந்து குந்தியிருக்கும் வளைவுகள், சன்னல் இல்லை, கூரையில் பதித்த சலவைக்கல் பலகைகள் வழியே மட்டும் பழுப்பு வெளிச்சம் இறங்கும். இஸ்ஃபஹான் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,570 மீட்டர் உயரத்தில் இருப்பதையும் அங்கே பனி விழும் என்பதையும் இந்தக் கூடம் நினைவூட்டுகிறது. 1980களில் ஈராக்கோடு நடந்த போரில் குண்டு விழுந்து ஒரு பகுதி இடிந்தது. அதையும் செங்கல்லாலேயே திருப்பிக் கட்டிவிட்டார்கள்.

ஜும்ஆ பள்ளிவாசலின் குறைகளையும் மறைக்கக் கூடாது. முன்னறிவு இல்லாமல் போகிறவருக்கு இது தூண்காடு. எது எந்தக் காலம் என்று கட்டடம் தானாகச் சொல்லாது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், பாரசீக நீலத்தைப் பார்ப்பதே நோக்கம் என்பவர்களுக்கும் இங்கே மூன்று மணி நேரம் நீண்டதாகத் தோன்றும். அவர்கள் சதுக்கத்திலேயே இருப்பது நல்லது. வடக்குக் கூடத்தில் கைப்பேசியால் நல்ல படம் எடுப்பதும் கடினம். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்க்க வேண்டும்; அது தொழுகைக்கு உரிய நேரம்.

ஆகவே என் கணக்கு இது. காலையில் திறந்தவுடன் ஜும்ஆ பள்ளிவாசலுக்குப் போய் இரண்டு மணி நேரம் இருப்பது. அதில் பாதியை இரண்டு குவிமாடக் கூடங்களுக்கு ஒதுக்குவது. பிறகு வாகனம் தேடாமல் கூரை வேய்ந்த கடைத்தெரு வழியாகவே தெற்கே நடந்து, அதன் முடிவிலுள்ள கைசரிய்யா வாயிலில் சதுக்கத்துக்குள் நுழைவது. அந்த வாயிலில் நிற்கும்போது, அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் ஷா பள்ளிவாசலின் முகப்பு நேரெதிரே தெரியும். அப்பாஸ் அதைப் பார்க்க வைக்க விரும்பிய கோணம் அதுவே. மிச்சமுள்ள ஒரு மணி நேரத்தில் லுத்ஃபுல்லாவுக்கு முப்பது நிமிடம் போக எஞ்சியதை ஷா பள்ளிவாசலின் முற்றத்துக்குக் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நுழைவுச்சீட்டு என்பதால், கையில் நேரம் மிகக் குறைவாக இருந்தால் ஷா பள்ளிவாசலுக்குச் சீட்டு எடுக்காமல், வாயிலின் வெட்டோட்டு வேலையை வெளியே நின்றபடியே பார்த்துவிட்டுத் திரும்பலாம். அந்தக் கட்டடத்தின் மிகச் சிறந்த ஓடுகள் எப்படியும் வெளியேதான் இருக்கின்றன.